பூனையை வெளியே கூட்டிப்போக: கயிறுக்கு முன்னால் பை

பூனைக்குக் கயிறு மாட்டி வெளியே கூட்டிப்போவது என்றதும் நாயோடு போகும் காலை நடைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்த நினைப்போடு இறங்கினால் முதல் நாளே சலித்துவிடும். பூனை உங்கள் பக்கத்தில் நடந்து வராது. இரண்டடி வைக்கும், ஒரு செடியை மூன்று நிமிடம் முகரும், உட்காரும், வந்த வழியே திரும்பும். கால் மணி நேரத்தில் 20 அடி தூரம் போனால் அது நல்ல நடை. எந்தப் பக்கம் போவது என்பது அதன் முடிவு. எங்கே போகக்கூடாது என்பது மட்டும் உங்கள் முடிவு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஹார்னஸையும் (கழுத்தையும் நெஞ்சையும் சுற்றி மாட்டும் பட்டை) கயிற்றையும் தேடித்தேடி வாங்குகிறார்கள், தூக்கிப்போகும் பையை மறந்துவிடுகிறார்கள். வெளியே பூனை மிரளும் நேரத்தில் அதற்கு ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டும். அந்த இடம் உங்கள் தோளில் தொங்க வேண்டும். கயிறு பூனையை நிறுத்தி மட்டுமே வைக்கும், அதன் பயத்தை அடக்குவது பைதான்.

எந்தப் பூனைக்கு இது சரிவரும்

எல்லாப் பூனைக்கும் வெளி உலகம் தேவையில்லை. அழைப்புமணி அடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒரு மணி நேரம் வராத பூனையைத் தெருவுக்குக் கொண்டுபோவது அதற்குத் தண்டனை. அதற்கு வலை அடித்த பால்கனியும் ஜன்னலோர மரப்பலகையும் போதும். ஜன்னலிலேயே தவம் கிடந்து, கதவு திறந்தால் நழுவப் பார்க்கிற, புது ஆள் வந்தால் கிட்டே போய் முகர்கிற பூனைகள்தான் இதற்கு ஏற்றவை. குட்டியிலேயே பழக்கினால் எளிது. ஐந்தாறு வயதுப் பூனையையும் பழக்கலாம், வாரங்கள் கூடும், அவ்வளவுதான்.

பெர்ஷியன் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தட்டை முகம், குறுகிய மூக்கு, அடர்ந்த ரோமம். நம் ஊர் வெயில் அதற்கு ஒத்தே வராது. குளிர்ச்சியான மாதங்களில், அதுவும் அதிகாலையில், பத்து நிமிடம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாட்டுப் பூனைகள் வெப்பத்தை அதைவிட நன்றாகத் தாங்கும்; ஆனால் அவைதான் ஹார்னஸிலிருந்து நழுவுவதிலும் கெட்டிக்காரர்கள்.

ஊசி, கருத்தடை, பூச்சி மருந்து

தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடவே கூடாது. பூனைகளுக்கான முக்கூட்டுத் தடுப்பூசியை 8 வார வயது வாக்கில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய 16 வாரம் வரை போடுவார்கள். அதில் முக்கியமானது பேன்லூகோபீனியா என்ற கொடிய வைரஸ் நோய்க்கு எதிரான காப்பு. அந்த வைரஸ் மண்ணிலும் படிக்கட்டிலும் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். அது தொற்ற, நோயுற்ற பூனை கண்ணில் பட வேண்டும் என்பதே இல்லை. வெறிநாய்க்கடி தடுப்பூசி 12 வாரத்துக்கு மேல். கடைசி ஊசிக்குப் பின் இரண்டு வாரம் பொறுத்து வெளியே இறங்கலாம். அடுத்தடுத்த ஊசித் தேதிகளை மருத்துவர் தரும் புத்தகத்தில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கருத்தடை செய்யாத கடுவனை வெளியே கூட்டிப்போவது வம்பை விலைக்கு வாங்குவது. பெட்டையின் வாசனை பிடித்துவிட்டால் பயிற்சியெல்லாம் காற்றோடு போய்விடும். வீட்டுச் சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சவும் தொடங்கும். பெட்டைக்குப் பருவம் வந்திருந்தால் தெருவில் உள்ள கடுவன்கள் எல்லாம் உங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் மாதம் ஒருமுறை பிடரியில் விடும் சொட்டு மருந்து வேண்டும். அது பூனைக்கென்றே தயாரித்ததா என்று அட்டையைப் படித்துப் பாருங்கள். நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனையின் ஈரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. வலிப்பு வந்து இறந்தும் போகலாம். 'கொஞ்சமாகத்தானே விட்டோம்' என்பது இங்கே செல்லாது. வீட்டில் நாயும் இருந்தால், நாய்க்கு அந்த மருந்து போட்டபின் மூன்று நாள் இரண்டையும் பிரித்து வையுங்கள்.

மைக்ரோசிப் பொருத்துவது நல்லது. தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில், அரிசி மணி அளவில் ஒன்று. 15 இலக்க எண்ணைக் கருவி வைத்துப் படிப்பார்கள். ஆனால் பூனை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. யாராவது பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோனால் உரிமையாளர் யார் என்று தெரியும், அவ்வளவே.

பை

முதுகில் மாட்டும் பையோ தோளில் தொங்கும் பையோ, மேலேயும் முன்னாலும் திறப்பது வசதி. பக்கங்கள் வலையாக, அடிப்பாகம் தொய்யாமல் கெட்டியாக இருக்க வேண்டும். ஹார்னஸோடு கொக்கி போட்டுக்கொள்ள உள்ளே ஒரு சின்னப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக் குமிழ் வைத்த, விண்வெளி வீரர் தலைக்கவசம் போன்ற பைகள் பார்க்க அழகுதான். நம் வெயிலில் உள்ளே புழுங்கும், வாங்காதீர்கள்.

வாங்கி வந்த அன்றே பூனையை உள்ளே திணித்து ஜிப்பை இழுத்தால் காரியம் கெட்டது. கூடத்தில் ஒரு மூலையில் திறந்தே வையுங்கள். அது படுத்துப் பழகிய பழைய துணியை உள்ளே விரியுங்கள். ஒரு வாரம் அதன் சாப்பாட்டை அதற்குள்ளேயே வையுங்கள். தானாக உள்ளே போய்த் தூங்கத் தொடங்கிய பிறகு ஜிப்பை அரை நிமிடம் மூடித் திறந்து, பிறகு தூக்கி, பிறகு வீட்டுக்குள்ளேயே நடந்து காட்டுங்கள். மருத்துவரிடம் போக மட்டும் இதைப் பயன்படுத்தினால் பை என்றாலே ஊசி என்று ஆகிவிடும்; மருத்துவமனைக்கு வேறு கூடை வைத்துக்கொள்வது நல்லது.

ஹார்னஸும் கயிறும்

கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டவே கூடாது. ஓர் இழுப்பில் குரல்வளை நசுங்கும், அல்லது தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். பூனையின் காறை எலும்பு நம்முடையதுபோல மற்ற எலும்புகளோடு பூட்டிக்கொண்டில்லை, தசைக்குள் மிதந்துகொண்டிருக்கிறது. அதனால் தோள் ஒடுங்கி, தலை நுழைகிற இடத்தில் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும். ஹார்னஸ் சரியாக இல்லாவிட்டால் கழன்றுபோவதற்கு இதுதான் காரணம்.

அளவெடுக்கத் தையல் டேப் வேண்டும். கழுத்தைச் சுற்றி ஓர் அளவு, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. வளர்ந்த நாட்டுப் பூனைக்கு நெஞ்சளவு பெரும்பாலும் 12 முதல் 15 அங்குலத்துக்குள் வரும். பெர்ஷியனுக்கு ரோமத்தை விலக்கி, டேப் தோலோடு ஒட்டும்படி அளக்கவும்; ரோமத்தின் மேல் அளந்தால் ஓர் அங்குலம் ஏமாற்றும். எடையைப் பார்த்து 'ஸ்மால்', 'மீடியம்' என்று வாங்காதீர்கள். நாய்க்குட்டி ஹார்னஸும் வேண்டாம், அதன் நெஞ்சு அமைப்பே வேறு.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். பட்டைகள் மட்டும் கொண்டது காற்றோட்டமானது, கழுத்தும் நெஞ்சும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். வெயில் ஊருக்கு இதுதான் ஏற்றது. சட்டைபோல உடம்பைச் சுற்றும் துணி வகை உருவிக்கொள்ளக் கொஞ்சம் கடினம், ஆனால் சூடு. அதில் வெல்க்ரோ மட்டும் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ரோமம் சிக்கச் சிக்கப் பிடிப்பு போய்விடும், பிரிக்கும்போது வரும் கர்ரென்ற சத்தத்துக்கே பூனை மிரளும். பக்கிளும் சேர்ந்திருக்க வேண்டும். எந்த அட்டையில் 'தப்பவே முடியாது' என்று அச்சிட்டிருந்தாலும் நம்ப வேண்டாம்.

மாட்டிய பின் பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் எளிதாகவும் இரண்டாவது விரல் இறுக்கமாகவும் நுழைய வேண்டும். மாட்டும்போது பூனை உடம்பை உப்பிக்கொள்ளும், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிறகு ஒரு சோதனை: கதவு சாத்திய அறையில் கயிற்றை மாட்டி, பூனைக்கு முன்னால் தரையோடு குனிந்து, கயிற்றை மெல்லத் தாங்கிப் பிடியுங்கள். அது பின்னால் நகரும். அந்த நேரத்தில் முழங்கை பட்டைக்குள் மடங்கி வருகிறதா, கழுத்துவளையம் காதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். வந்தால் அரை அங்குலம் இறுக்குங்கள். அப்படியும் வந்தால் அந்த ஹார்னஸ் உங்கள் பூனைக்கு உதவாது. பூனைகள் தப்புவது அனேகமாக எப்போதும் இப்படிப் பின்னால் நகர்ந்துதான். ஆகவே வெளியே போகும்போது பூனைக்கு எதிரே நின்று கயிற்றை இழுக்காதீர்கள், அதன் பின்னாலோ பக்கவாட்டிலோ இருங்கள்.

கயிறு 5, 6 அடி நீளம், கனமில்லாமல், சின்னச் சுழல் கொக்கியோடு. பொத்தான் அழுத்தினால் சுருண்டுகொள்ளும் வகை பூனைக்கு ஆகாது. கைப்பிடி தவறி விழுந்தால் அந்தப் பிளாஸ்டிக் டப்பா தடதடவென்று பூனையைத் துரத்திக்கொண்டே போகும், பூனை நிற்காது. கயிற்றின் வளையத்தை மணிக்கட்டில் நுழைத்த பின்தான் கையில் பிடிக்க வேண்டும்.

இடங்காட்டும் டேக் வாங்கினால் ஹார்னஸில் மாட்டாதீர்கள். ஹார்னஸ் கழன்றால் டேக்கும் அதோடு கிடக்கும். இழுத்தால் தானே கழலும் பூனைக் கழுத்துப்பட்டை ஒன்றைத் தனியாகப் போட்டு, பெயர்த்தகடும் டேக்கும் அதில் இருக்கட்டும்.

வீட்டுக்குள் பழக்குதல்

இதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். சில பூனைகள் ஒரே வாரத்தில் தயாராகும், சில இரண்டு மாதம் எடுக்கும். எல்லாப் பயிற்சியும் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், வயிறு லேசாகக் காலியாக இருக்கும்போது. பரிசாக உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவில் பிய்த்து வையுங்கள். கருவாடு உப்பு, தினமும் கொடுக்கத் தகாது.

1. சாப்பாட்டுக் கிண்ணத்தின் பக்கத்தில் ஹார்னஸை மூன்று நாள் சும்மா போட்டு வையுங்கள். முகரட்டும், மேலே படுக்கட்டும். பக்கிளை மாட்டிக் கழற்றும் 'டிக்' சத்தம் கேட்டதும் ஒரு துண்டுக் கோழி. அந்தச் சத்தம் அதற்குப் பிடித்துப்போக வேண்டும்.

2. பூட்டாமல் முதுகில் போட்டு எடுங்கள். அடுத்த நாள் பூட்டி, உடனே சாப்பாட்டை வையுங்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் கழற்றிவிடுங்கள். முதல் முறை பல பூனைகள் பொத்தென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்பு உடைந்ததுபோல் கிடக்கும். பயப்பட வேண்டாம், முதுகில் அழுத்தம் பட்டால் அப்படி உறைந்துபோவது இயல்பு. தூக்கி நிறுத்தாதீர்கள். ஒரு குச்சியில் இறகு கட்டி முன்னால் அசைத்தால் விளையாட்டு ஆசையில் எழுந்துவிடும். நாளுக்கு இரண்டு நிமிடத்தில் தொடங்கி இருபது நிமிடம் வரை கூட்டுங்கள். வால் நிமிர்ந்து, வழக்கம்போல் தாவி ஏறினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

3. கயிற்றை மாட்டித் தரையில் இழுபட விடுங்கள், கண்ணெதிரே மட்டும். நாற்காலிக் காலில் சிக்கினால் பூனை பீதியடையும். இரண்டு மூன்று நாளில் கயிற்றைக் கையில் எடுத்து, தொய்வாகப் பிடித்தபடி அதன் பின்னாலேயே வீட்டைச் சுற்றுங்கள். போகக்கூடாத பக்கம் போனால் இழுக்காமல் அப்படியே நில்லுங்கள். கயிறு முறுகி நின்றதும் அது திரும்பிப் பார்க்கும். அந்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பரிசு கொடுங்கள்.

4. பையைத் தரையில் வைத்து, தட்டி, 'உள்ளே' என்றோ வேறு ஏதாவது ஒரே சொல்லையோ சொல்லி, உள்ளே போனதும் நல்ல பரிசு. நான்கு கட்டங்களில் இதற்குத்தான் அதிக நாள் செலவிட வேண்டும். பத்து முறை சொன்னால் எட்டு முறையாவது போகிற வரையில் வெளியே இறங்காதீர்கள்.

வாசலைத் தாண்டுவது

வாசல்படியைப் பூனை தன் காலால் தாண்டக்கூடாது. எப்போதும் ஹார்னஸ் மாட்டி, பைக்குள் வைத்து, ஜிப் போட்டு, பிறகுதான் கதவு. திரும்பும்போதும் அப்படியே, வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்ட பின்தான் பை திறக்கும். ஒரே ஒரு நாள் சோம்பல்பட்டுக் கதவு வழியாக நடக்க விட்டால், கதவு என்பது தன் வழி என்று அது முடிவுகட்டிவிடும். அப்புறம் பால்காரர் வந்தாலும் கூரியர் வந்தாலும் காலிடுக்கில் பாயும்.

முதல் இரண்டு மூன்று தடவை தரையில் இறக்கவே வேண்டாம். அடுக்ககத்தின் பின்பக்கம், மரநிழல், யாரும் அதிகம் வராத மூலை ஏதாவது ஒன்றில் பையைத் தரையில் வைத்து, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். வலை வழியாகப் பார்க்கட்டும், கேட்கட்டும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். நமக்கு அமைதியான இடம் அதற்குச் சந்தைக்கடையாக இருக்கலாம். பைக்குள் இருந்தபடி பரிசைத் தின்றால் பயமில்லை என்று பொருள். தின்ன மறுத்தால் பத்து நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்புங்கள்.

பிறகொரு நாள் முன்வாயைத் திறந்து வைத்து, கயிறு மணிக்கட்டில் இருக்க, சும்மா காத்திருங்கள். தூக்கி வெளியே விடாதீர்கள். தலை வரும், ஒரு கால் வரும், திரும்ப உள்ளே போகும், போகட்டும். பை எப்போதும் அதன் கண்ணில் படும்படி, 10 அடிக்குள் இருக்க வேண்டும். வால் தாழ்ந்து, காது பக்கவாட்டில் மடங்கி, வயிறு தரையில் உரசினால் போதுமென்று சொல்கிறது. கண்மணி முழுக்க விரிந்து வால் புசுபுசுவென்று ஆகிவிட்டால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள்.

எங்கே, எப்போது

தெருவில் வேண்டாம். சென்னையோ மதுரையோ கோவையோ, மதில் சூழ்ந்த இடமே நல்லது: அடுக்கக வளாகம், தனி வீட்டின் கொல்லை, நண்பர் வீட்டுத் தோட்டம். பூங்காக்கள் பலவற்றில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி கிடையாது, வாசல் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடம் நிழலாக இருக்கும், ஆனால் பூனை வண்டிக்கடியில் புகுந்துகொள்ளும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் தரையில் சிந்தியிருந்தால் பாதத்தில் ஒட்டும். நக்கும்போது உள்ளே போகும். அதில் எத்திலீன் கிளைகால் இருந்தால் மிகச் சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துவிடும். மொட்டைமாடியில் விடுவதானால் கைப்பிடிச் சுவருக்கு எட்டாத தூரத்தில் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். புறா உட்கார்ந்தால் பூனை உயரத்தை யோசிக்காது. தாவிவிட்டால் ஹார்னஸில் அந்தரத்தில் தொங்கும், அல்லது உருவிக்கொண்டு விழும்.

கோடையில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் தரை ஆறுவதற்கு இருட்டிவிடும். புறங்கையைத் தரையில் 7 விநாடி வைக்க முடியாவிட்டால் பூனைப் பாதத்துக்கும் ஆகாது. பூனை வாயைத் திறந்து இளைத்தால் நாய்போல என்று நினைத்துவிடாதீர்கள், அது ஆபத்தின் அறிகுறி. நிழலுக்குக் கொண்டுபோய், பாதத்தையும் காதையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றக்கூடாது. தீபாவளிக்கு முன்பின் ஒரு வாரம், விநாயகர் ஊர்வல நாள்கள், அருகில் கல்யாண மண்டப வேட்டு என்றால் பை வீட்டிலேயே இருக்கட்டும்.

செடிகள்

அறுகம்புல்லைக் கடித்தால் கடிக்கட்டும். பிறகு வாந்தி எடுத்தாலும் கவலையில்லை. அரளி, மஞ்சள் அரளி, செங்காந்தள், எருக்கு, சைகஸ் ஆகியவை இருக்கும் பக்கமே போக வேண்டாம். லில்லிப் பூவின் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். அறிகுறிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நம் ஊர்க் குப்பைமேனி இதில் ஒரு சுவையான விஷயம். பூனைவணங்கி என்றும் சொல்வார்கள். அதன் வேரைப் பிடுங்கினால் வாசனைக்குப் பல பூனைகள் மயங்கிப் புரளும். மறைவிடத்திலிருந்து வெளியே வர மறுக்கும் பூனையை வரவழைக்கப் புதிதாகப் பிடுங்கிய வேர் ஒன்று நன்றாக உதவும். முகர மட்டும் கொடுங்கள், தின்ன விடாதீர்கள். எல்லாப் பூனையும் மசியும் என்றும் சொல்ல முடியாது.

நாய் வந்தால், காகம் கொத்தினால்

நாயைத் தூரத்தில் கண்டதுமே பையைப் பூனைக்கு முன்னால் வைத்து, பழக்கிய சொல்லைச் சொல்லுங்கள். மிரண்ட பூனையை நெஞ்சோடு அணைத்துத் தூக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்களை அதற்கு அடையாளம் தெரியாது. உங்கள் முகத்தை மிதித்துத் தலைக்கு மேல் ஏறிப் பாயும். நாய் கிட்டே வந்துவிட்டால் ஒரு குடையைச் சட்டென்று விரித்து நடுவில் பிடியுங்கள், பெரும்பாலான நாய்கள் தயங்கி நிற்கும். பைக்குள் போக மறுத்தால் தடித்த துண்டை மேலே போட்டுச் சுற்றி, துண்டோடு உள்ளே வையுங்கள். அதனால் பையில் துண்டும் கையில் குடையும் இல்லாமல் கிளம்பக்கூடாது. நகமோ பல்லோ பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே டாக்டரைப் பாருங்கள். பூனை கடித்த காயம் மேலே ஊசித்துளைபோல இருந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும்.

காகம் கூடு கட்டும் கோடை மாதங்களில் மரத்தடியில் பூனையைக் கண்டால் கூட்டமாக வந்து கொத்தும். வேறு மூலைக்கு மாறுங்கள். மழைக்காலத்தில் புல் மண்டிய காலி மனை வேண்டவே வேண்டாம்: பாம்பு, பூரான், தேரை. தேரையை வாயில் கவ்விவிட்டு நுரை தள்ளினால், தலையைத் தாழ்த்தி, ஈரத்துணியால் வாயைத் துடைத்துத் துடைத்து எடுங்கள், பிறகு மருத்துவர். பாம்பு என்று சந்தேகம் வந்தால் கட்டுப் போட்டு நேரத்தை வீணாக்காமல் நேராக மருத்துவமனை.

நழுவி ஓடிவிட்டால்

துரத்தக் கூடாது. துரத்தினால் இரண்டு தெரு தாண்டும்; விட்டால் பெரும்பாலும் பக்கத்திலேயே ஏதாவது இடுக்கில் பதுங்கும். எந்தப் பக்கம் போனது என்று மட்டும் கண்ணால் பிடித்துவையுங்கள். பையைத் திறந்து அதே இடத்தில் வைத்து, ஒருவர் அங்கேயே உட்கார வேண்டும். பதுங்கிய பூனை பெயரைக் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. அதனால் கூப்பிட்டுக்கொண்டே நடப்பதைவிட ஒவ்வொரு வண்டிக்கடியும், மாடிப்படிக்கடியும், மோட்டார் அறையும், சாக்கடை ஓரமும் குனிந்து பார்ப்பது பலன் தரும். இரவு பதினொன்றுக்கு மேல், சந்தடி அடங்கியதும், டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்து அடித்தால் பூனைக் கண் பச்சையாக மின்னும். கண்டதும் நேரே போகாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து கோழியை நீட்டுங்கள். காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் படத்தோடு சொல்லிவைப்பது சுவரொட்டியைவிட வேகமாக வேலை செய்யும். கயிறோடு ஓடியிருந்தால் இன்னும் அவசரம். வேலியிலோ கிளையிலோ சிக்கித் தொங்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஈரத்துணியால் நான்கு பாதங்களையும் துடையுங்கள். விரலிடுக்கு, காதின் உள்மடல், அக்குள், வாலடி ஆகிய இடங்களில் உண்ணி தேடுங்கள். இருந்தால் நசுக்காமல் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அக்குளில் ரோமம் தேய்ந்து சிவந்திருந்தால் ஹார்னஸ் உரசுகிறது. இரண்டு நாள் நடை கிடையாது, பட்டையைத் தளர்த்தாமல் வேறு அளவு பாருங்கள். ஹார்னஸைக் கழற்றிய கையோடு சாப்பாட்டை வையுங்கள். வேட்டை, தீனி, உடம்பை நக்குதல், தூக்கம் என்ற அதன் ஒழுங்கு அப்படியே முடிந்துவிடும்.

நடை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் பூனை கதவடியில் உட்கார்ந்து கத்தத் தொடங்கும். கத்தும்போது கூட்டிப்போனால் கத்தினால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ளும், விடியற்காலை நாலு மணிக்கும் அதே பாட்டுத்தான். நடைக்கென்று ஒரே நேரம் வைத்து, அதை மாற்றாதீர்கள். ஹார்னஸைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடாமல் அலமாரிக்குள் வையுங்கள். கத்தல் அடங்கிக் குறைந்தது ஐந்து நிமிடம் ஆன பிறகே பையை எடுங்கள். போக முடியாத நாளில் அதே நேரத்தில் இறகுக் குச்சியால் பத்து நிமிடம் ஓட வைத்துச் சாப்பாடு வைத்தால் பெரும்பாலும் சமாதானமாகிவிடும்.